அடுத்த வீட்டாரின் கார்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு மாலை, கடலூரில் குடியிருக்கும் அன்பர் ஒருவர் என் இல்லம் தேடி வந்தார். பணி ஓய்வு பெற்றவர், ஒழுங்கு தவறாதவர். சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளொன்றை எடுத்து, "ஐயா, பிழை இருந்தால் திருத்தித் தாருங்கள்; நாளைக் காலை தபாலில் சேர்க்க வேண்டும்" என்றார்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு எழுதிய புகார் மனு அது. அடுத்த வீட்டார் புதுவைப் பதிவெண் கொண்ட காரை இங்கே வைத்து ஓட்டுகிறார், வரி ஏய்ப்பவர், அது திருட்டு வண்டியாகவும் இருக்கக்கூடும் என்று கண்டிருந்தது. அடியில் கையொப்பம் இல்லை. 'பொதுநலம் விரும்பி' என்று மட்டும் இருந்தது.

மொழிப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்று கேட்டேன்: "அந்தக் கார் எத்தனை மாதமாக அங்கே நிற்கிறது?"

"ஓராண்டு இருக்கும்."

"இருக்குமா, ஆகிவிட்டதா?"

அன்பர் பேசவில்லை.

வாசகர்களே, இந்தக் கேள்வியில்தான் சட்டமே இருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இந்தியா முழுவதும் ஓடலாம். ஆனால் வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்கிறது 47-ஆம் பிரிவு. பிற மாநில எண்ணைக் கண்டவுடன் குற்றம் என்று சொல்வதற்கில்லை. போதாக்குறைக்கு, 2021-இல் வந்த 'பி.எச்.' வரிசை எண் பெற்றவர்கள், ஊர் மாறினாலும் எண்ணை மாற்ற வேண்டியதில்லை.

நம் வட்டாரத்தின் நிலையோ தனி. பாகூர்ப் பக்கம் போனால் புதுவை எல்லையும் தமிழ்நாட்டு எல்லையும் மாறி மாறி வரும். நம் உயர்மறைமாவட்டமே இரு பக்கமும் பரந்து கிடக்கிறது. புதுவையில் வேலை, கடலூரில் மாமியார் வீடு என்றிருப்பவர்கள் எத்தனை பேர்! அவர்களுடைய கார்களையெல்லாம் ஐயுறத் தொடங்கினால் கோயில் வாசலிலேயே பாதி வண்டிகள் அகப்படும்.

ஆயினும் அன்பரின் ஐயம் வெறுங்கற்பனை அன்று. விலையுயர்ந்த கார்களுக்குப் புதுவையில் வரி குறைவு என்பதால், அங்கே வாழாதவர்களும் அங்கே முகவரி காட்டிப் பதிவு செய்தது உண்டு. 2017-இல் கேரளத்தில் திரைப்படக் கலைஞர்கள் சிலர்மீதும் இத்தகைய புகார் எழுந்து காவல்துறை விசாரணை நடந்தது. சாலையைத் தேய்ப்பது ஓரிடத்தில், வரி செலுத்துவது வேறிடத்தில் என்றால், அந்தச் சாலையைச் செப்பனிடுகிறவர்களுக்கு அது இழப்புதான்.

"அவரிடமே கேட்டீர்களா?" என்றேன்.

"எப்படி ஐயா கேட்பது? ஆறு மாதமாகப் பேச்சில்லை."

பிறகுதான் உண்மை வெளிப்பட்டது. மகள் பேறுகாலத்துக்கு வந்திருந்தாள். நள்ளிரவில் வலி கண்டது. அழைத்த ஆட்டோ வாசலுக்கு வர முடியவில்லை. அந்தக் கார் வாயிலை அடைத்துக்கொண்டு நின்றது. நிறைமாதக்காரியைத் தெருமுனை வரை நடத்திக் கூட்டிப்போனார்கள். சொல்லும்போது அவர் கை நடுங்கியது. அந்தக் கோபத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மனுவில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! உண்மையாக நேர்ந்த துன்பத்தை விட்டுவிட்டு, தாம் அறியாத திருட்டை எழுதியிருந்தார்.

"வாயில் விவகாரத்தை நேரில் சொல்லுங்கள். பதிவெண்ணையும் கேளுங்கள். பதில் சரியில்லையென்றால் பெயரும் முகவரியும் இட்டு எழுதுங்கள். கண்டதை மட்டும், எண், இடம், தேதியோடு. விசாரிப்பது அலுவலர் பாடு" என்றேன். தெரு வாட்ஸ்அப் குழுவில் படம் போடும் எண்ணமும் அவருக்கு இருந்தது. அதை மட்டும் கடிந்தே தடுத்தேன்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். முன்னும் பின்னும் வேறு வேறு எண், அழித்து எழுதிய எண் என்று கண்ணால் கண்டால் அடுத்த வீட்டாரிடம் கேட்டுக்கொண்டிராமல் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட வேண்டும். போலி எண் வண்டி ஒருவரை மோதிவிட்டு ஓடினால், யாரைத் தேடுவது?

அன்பர் போனார். அடுத்த வீட்டாருக்குப் படுக்கையில் கிடக்கும் தாய். அவரைப் பார்த்துக்கொள்ளப் புதுவையிலிருந்து குடும்பத்தோடு வந்தவர். வந்து 14 மாதம் ஆகியிருந்தது. விதி தமக்குத் தெரியாது என்றாராம். அன்பர் பாதி சரி, பாதி தவறு. "இதைக் கேட்க ஆறு மாதம் வேண்டியிருந்ததா?" என்று அவர் சுடச்சுடக் கேட்டதையும் அன்பர் மறைக்கவில்லை.

புதுவை அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்துத் தடையின்மைச் சான்று, கடனில் வாங்கிய கார் ஆதலால் வங்கியின் இசைவு, இங்கே படிவம் 27, அப்புறம் வரி. அலைச்சல் கொஞ்சமல்ல. எல்லாம் முடிய மாதங்கள் ஆயின.

அண்மையில் அன்பரைக் கண்டபோது விசாரித்தேன். கார் தமிழ்நாட்டு எண்ணோடு நிற்கிறது, வாயிலை விட்டுத் தள்ளியே நிற்கிறது என்றார்.

"பேசிக்கொள்கிறீர்களா?"

"தலையசைத்துக்கொள்கிறோம். பேரப்பிள்ளையை மட்டும் அந்த வீட்டு அம்மா வாங்கிக் கொஞ்சுகிறார்கள்."

கையொப்பமில்லாத அந்த மனு இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது. அவர் திரும்பக் கேட்கவில்லை.