அமெரிக்க கல்லூரி கோல்ஃப் அணியில் இனி 9 பேர்தான்... பள்ளி மாணவர்கள் எப்போ தயாராகணும்?

அமெரிக்காவில் பள்ளியில் கோல்ஃப் ஆடும் பலருக்கும், ஸ்காலர்ஷிப்போடு கல்லூரி அணியில் சேரணும் என்பதுதான் கனவு. ஆனா, 2025 ஜூன் 6-ம் தேதி வந்த ஒரு நீதிமன்ற உத்தரவு மொத்தக் கணக்கையும் மாத்திடுச்சு. விரிவாகப் பார்க்கலாம்.

என்ன மாற்றம்?

கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது தொடர்பான ‘ஹவுஸ்’ வழக்கில், விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. செய்துகொண்ட சமரசத்துக்கு அன்றுதான் ஒப்புதல் கிடைத்தது. முன்பு முதல் டிவிஷனில் ஆண்கள் கோல்ஃப் அணிக்கு 4.5, பெண்கள் அணிக்கு 6 முழு ஸ்காலர்ஷிப் மட்டுமே தரலாம். அதைத்தான் பலருக்கும் பிரித்துக் கொடுப்பாங்க. இந்த ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு இப்போ அந்த உச்சவரம்பு இல்லை. பதிலாக, அணியில் 9 பேருக்கு மேல் இருக்கக் கூடாது.

லாபமா, நஷ்டமா?

விதிப்படி 9 பேருக்குமே முழு ஸ்காலர்ஷிப் தரலாம். ஆனா, தந்தே ஆகணும் என்று கட்டாயம் இல்லை. அதிகம் அடிபடுவது ‘வாக்-ஆன்’ மாணவர்கள். ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் சேர்ந்து, ஆடி ஆடி மேலே வருபவர்கள் இவர்கள். 9 இடத்தில் இவர்களுக்கு இடம் கிடைப்பது கஷ்டம். போதாக்குறைக்கு, வேறு கல்லூரியில் ஆடி நிரூபித்தவர்களும் அதே இடத்துக்குப் போட்டிக்கு வர்றாங்க.

எப்போ தொடங்கணும்?

10-ம் வகுப்பு முடித்த பிறகு வரும் ஜூன் 15-ல் இருந்துதான் முதல் டிவிஷன் பயிற்சியாளர்கள் மாணவர்களிடம் அணியில் சேர்ப்பது பற்றிப் பேச முடியும். மாணவர்கள் அதற்கு முன்பே மெயில் அனுப்பலாம், தடை இல்லை. அதனால 12-ம் வகுப்பில் தேட ஆரம்பித்தால் ரொம்ப லேட்.

ஸ்கோர் மட்டும் போதுமா?

கல்லூரிப் போட்டிகள் பெரும்பாலும் 54 ஹோல். ஒவ்வொரு சுற்றிலும் 5 பேர் ஆடுவாங்க, சிறந்த 4 பேரின் ஸ்கோர்தான் அணிக்குச் சேரும். அதனால ஒரு நாள் அசத்தலாக ஆடுபவரைவிட, மோசமான நாளிலும் பெரிதாகச் சொதப்பாதவருக்கே மதிப்பு. வார இறுதியில் நண்பர்களோடு ஆடிய ஸ்கோர் எடுபடாது. பல சுற்றுப் போட்டிகளின் ஸ்கோர்தான் கணக்கு.

படிப்பும் முக்கியம். முதல் டிவிஷனில் ஆட 16 முக்கியப் பாடங்களும், அதில் குறைந்தது 2.3 சராசரியும் வேணும். அந்தப் பாடங்களில் 10-ஐ 12-ம் வகுப்பு தொடங்கும் முன்பே முடிக்கணும். கடைசி வருடத்தில் பார்த்துக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

வேறு வழி இருக்கா?

இருக்கு. இரண்டாம் டிவிஷனில் பகுதி ஸ்காலர்ஷிப் கிடைக்கும். ஐவி லீக், மூன்றாம் டிவிஷன் கல்லூரிகளில் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. ஆனா, குடும்ப வருமானத்தைப் பொறுத்து கட்டண உதவி கிடைக்க வாய்ப்பு உண்டு.

பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியது இதுதான்: 9 பேரில் எனக்கு இடம் உறுதியா? ஸ்காலர்ஷிப் எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு? பதிலை எழுத்தில் வாங்கிக்கணும். வாய்ப்பேச்சை நம்பி மற்ற கல்லூரிகளை விட்டுவிட்டால், கடைசியில் நஷ்டம் மாணவருக்குத்தான்.