செனற் சபையும் செப்புச் சுரங்கமும்

ஐக்கிய அமெரிக்காவின் பதினேழாவது அரசியலமைப்புத் திருத்தத்தை நீக்கிவிட்டு, செனற்றர்களைத் தெரிவு செய்யும் உரிமையை மாநிலச் சட்டசபைகளிடமே மீண்டும் ஒப்படைக்க வேண்டும் என வாதிடுவோர் அந்நாட்டில் இன்றும் உளர். மாநிலங்களின் உரிமை பேணப்படும், ஆழ்ந்த சிந்தனையாளர் சபைக்கு வருவர் என்பது அவர்தம் கூற்று. 1787இல் அரசியலமைப்பை வகுத்தோரும் ஏறத்தாழ இதனையே கூறினர். அவர்களை நாம் குறை கூறோம். அவர்கள் பின்வருவதை அறியாதவர்கள். அறிந்தபின்னும் அதே பாட்டைப் பாடுவோரை என்னென்பது?

மொன்ரானா மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். 1899இல் வில்லியம் கிளார்க் என்னும் செப்புச் சுரங்க முதலாளியை அம்மாநிலச் சட்டசபை செனற்றராக்கியது. வாக்குகள் பணத்துக்கு வாங்கப்பட்டன என்ற முறைப்பாட்டை விசாரித்த செனற் குழு, அவர் அப்பதவிக்கு உரியரல்லர் என முடிவு செய்தது. 1900இல் கிளார்க் பதவி துறந்தார். உடனே, ஆளுநர் வெளியூர் சென்றிருந்த வேளை பார்த்து, துணை ஆளுநர் அந்த வெற்றிடத்துக்குக் கிளார்க்கையே நியமித்தார்! ஊர் திரும்பிய ஆளுநர் அதனை இரத்துச் செய்தார். ஆயினும் 1901இல் புதிய சட்டசபை கிளார்க்கையே மறுபடி தெரிந்தது. 1907 வரை அவர் செனற்றராக வீற்றிருந்தார். ஆழ்ந்த சிந்தனையாளர் வந்த வழி இது. இலட்சம் வாக்காளரை விலைக்கு வாங்குதல் அரிது. நூறு பேருக்கு உட்பட்ட ஒரு சபையை வாங்குதல் சுரங்க முதலாளிக்கு ஒரு பொருட்டா?

மாநில உரிமை என்கிறார்கள். டெலவெயார்ச் சட்டசபை உட்பூசலால் எவரையும் தெரிய இயலாது திண்டாடியமையால், 1901 முதல் 1903 வரை அம்மாநிலத்துக்கு ஒரு செனற்றரேனும் இருந்திலர். இதுவோ உரிமை?

பிரதிநிதிகள் சபை 1893இலேயே நேர்த் தேர்தலை ஏற்றது. செனற் சபையோ பல்லாண்டு இழுத்தடித்து, 1911இலேயே இணங்கியது. 1913இல் அத்திருத்தத்துக்கு ஒப்புதல் அளித்து அதனைச் சட்டமாக்கியோர் யாவர்? நாலில் மூன்று பங்கு மாநிலங்களின் சட்டசபைகளே! தாமாகக் கைவிட்ட ஒன்றைப் பறிபோன உரிமை என்று புலம்புதல் விந்தையிலும் விந்தை.

நேர்த் தேர்தலிலும் பணம் ஆடுகின்றதே என்பர். ஆடுகின்றது, மறுக்கவில்லை. தென் மாநிலக் கறுப்பின மக்களுள் மிகப் பெரும்பாலார்க்கு 1913இன் திருத்தம் வாக்குச் சீட்டைக் கொடுக்கவில்லை என்பதும் உண்மையே. வாக்கு வரியும் எழுத்தறிவுச் சோதனையும் அவர்களை வாசலிலேயே மறித்தன. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரை அவர்கள் போராட வேண்டியிருந்தது. ஆனால் அவர்களை மறித்த அந்தத் தடைகளை இயற்றியோர் அதே மாநிலச் சட்டசபையினர் அல்லரோ? அவர்களிடமா தெரிவை மீண்டும் ஒப்படைக்கச் சொல்கின்றீர்கள்?