குட்டி யானை என்ஜின் சாவது வயசாலா, அவசரத்தாலா?

சென்னையில் ஒரு குட்டி யானை புகை கக்க ஆரம்பித்தால் போதும். அதைச் சுற்றி பத்து டாக்டர்கள் கூடிவிடுவார்கள்!

‘‘ரிங் போச்சுண்ணே’’ என்பார் ஒருவர். ‘‘பம்ப்புல டீசலை ஏத்தி விடு, இழுக்கும்’’ என்பார் இன்னொருவர். ‘‘எதுக்கு வீண் செலவு? புதுப்பேட்டையில என்ஜின் ஒண்ணு நிக்குது. தூக்கி மாட்டிடலாம்’’ என்பார் மூன்றாமவர்.

வண்டிக்காரருக்குத் தலை சுற்றும். மாதம் பிறந்தால் டியூ கட்ட வேண்டும். பள்ளிக்கூட பீஸ், வீட்டு வாடகை எல்லாம் அந்த நாலு சக்கரத்தின் மீதுதான் ஓடுகிறது. வண்டி ஒரு நாள் நின்றால் வீட்டு அடுப்பும் ஒரு நாள் நிற்கும். ஆகவே யார் சொல்வது மலிவோ, யார் சொல்வது சீக்கிரமோ, அதற்குத் தலையாட்டி விடுகிறார்.

வினை அங்கேதான் ஆரம்பம்.

பழைய வண்டியின் என்ஜின் பெரும்பாலும் வயசாகிச் சாவதில்லை. அரைகுறை வைத்தியத்தால் சாகிறது. அளவு மீறிய பாரத்தால் சாகிறது. இதில் வண்டிக்காரருக்குப் பங்கு உண்டு. பட்டறைக்காரருக்குப் பங்கு உண்டு. சரக்கு ஏற்றும் கடைக்காரருக்கும் பங்கு உண்டு!

பாதி இண்டிகா!

டாடா ஏஸ் என்ற பெயரில் 2005-ம் ஆண்டு மே மாதம் வந்த வண்டிதான் குட்டி யானை. 2 சிலிண்டர். 702 சி.சி. சுமார் 16 குதிரை சக்தி. இண்டிகா காரின் 4 சிலிண்டர் டீசல் என்ஜினை எடுத்து, அதைப் பாதியாக்கி உருவாக்கியது அந்த என்ஜின்.

லாரி நுழைய முடியாத சந்தில் நுழைந்தது. மூன்று சக்கர வண்டி சுமக்க முடியாததைச் சுமந்தது. கோயம்பேட்டிலிருந்து காய்கறி, கொத்தவால்சாவடியிலிருந்து மளிகை, வீடு மாற்றுகிறவரின் பீரோ, கட்டில் எல்லாம் அதில்தான் ஏறின. டிரைவராகச் சம்பளத்துக்கு ஓட்டியவர்கள் கடன் வாங்கி முதலாளி ஆனார்கள்.

முதலில் வந்த அந்த வண்டிகள் பல இன்று 15 வயதைத் தாண்டி ஓடிக் கொண்டிருக்கின்றன. இப்போதைய வண்டிகளைப் போல என்ஜினுக்குக் கம்ப்யூட்டர் மூளை கிடையாது. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர் பிரித்து மாட்டலாம். அது அந்த வண்டியின் வரம். யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம் என்பதால் அதுவே சாபமும் கூட!

புகை சொல்லும் சேதி

என்ஜின் வாய் திறந்து பேசாது. புகையால் பேசும்.

கருப்புப் புகை வந்தால் டீசல் முழுசாக எரியவில்லை என்று அர்த்தம். ஏர் பில்டர் அடைத்திருக்கலாம். நாசில் ஒழுகலாம். பம்ப்பில் யாரோ டீசலை ஏற்றி வைத்திருக்கலாம். இதற்கு என்ஜினை இறக்க வேண்டிய அவசியமே இல்லை.

நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ரிங் தேய்ந்திருக்கலாம். அல்லது வால்வு சீல் மட்டும் போயிருக்கலாம். இரண்டுக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வெள்ளைப் புகை வந்து, சூடு ஏறியதும் நின்றுவிட்டால் பெரிதாகப் பயப்பட வேண்டாம். நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்து கொண்டே போனால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

இதைப் பார்க்காமலே ‘‘என்ஜினை இறக்கு’’ என்று சொல்கிற பட்டறை, நாடி பிடிக்காமலே கத்தியை எடுக்கிற டாக்டரைப் போல!

டீசல் என்ஜினுக்கு நாடி, கம்ப்ரஷன். பெட்ரோல் என்ஜின் மாதிரி பொறி வைத்து எரிப்பதல்ல டீசல் என்ஜின். காற்றை 20 மடங்குக்கு மேல் நசுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக் கொள்கிறது. காற்று எங்கேயாவது கசிந்தால் சூடு போச்சு, இழுவை போச்சு. கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் சோதித்தால் சீக்கு எங்கே என்று தெரிந்துவிடும். அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பல ஆயிரம் ரூபாய் பறிபோகிறது.

‘‘ரிங் மட்டும் போட்டுடலாம்’’

பட்டறைகளில் அதிகம் கேட்கிற வார்த்தை இது. கேட்கிறவர் காதுக்குத் தேன். செலவு பாதி, நாளும் பாதி!

ஆனால் பல வருடம் ஓடிய சிலிண்டர் வட்டமாக இருப்பதில்லை. தேய்ந்து தேய்ந்து லேசாக முட்டை வடிவம் ஆகியிருக்கும். கீழே குறைவாகவும் மேலே அதிகமாகவும் தேய்ந்திருக்கும். உச்சியில், ரிங் எட்டாத இடத்தில் ஒரு மேடு நிற்கும். வட்டமான புது ரிங்கை அந்த முட்டைக்குள் போட்டால் எப்படிப் பொருந்தும்? மேட்டில் இடித்தால் ரிங் உடைந்தாலும் உடையும்.

சில மாதத்தில் மறுபடி நீலப் புகை. மறுபடி என்ஜின் இறக்கம். முதலில் கொடுத்த காசு தண்டம்!

முறையான வேலை என்றால் பிளாக்கை லேத் பட்டறைக்கு அனுப்பி அளக்க வேண்டும். தேய்மானம் எல்லை தாண்டியிருந்தால் போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். அல்லது ஸ்லீவ் இறக்க வேண்டும். கிராங்க் தேய்ந்திருந்தால் அதையும் கிரைண்டிங் செய்து, அந்த அளவுக்குப் பேரிங் போட வேண்டும். ‘‘பத்து, இருபது, முப்பது’’ என்று லேத் பட்டறையில் சொல்கிறார்களே, அது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. பத்து என்றால் கால் மில்லி மீட்டர். தலைமுடி கனத்தில் நடக்கிற விவகாரம் இது. கண்ணால் பார்த்து, விரலால் தடவிச் சொல்கிற விஷயம் அல்ல.

கழற்றி எறிகிற உறுப்பு

என்ஜின் சூடாகிறது என்று வண்டி வந்தால் சில பட்டறைகளில் முதல் வேலை, தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூர எறிவது. ‘‘நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குண்ணே?’’ என்று விளக்கம் வேறு!

அந்தச் சின்ன உறுப்பு, என்ஜின் தண்ணீர் போதுமான சூடு ஏறும் வரை ரேடியேட்டருக்குப் போகிற வழியை அடைத்து வைக்கிறது. பிறகு திறந்து விடுகிறது. அது இல்லாவிட்டால் என்ஜின் உரிய சூட்டுக்கு வரவே நேரமாகும். குளிர்ந்த என்ஜினில் டீசல் சரியாக எரியாது. எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப் போகும். தேய்மானம் கூடும். மைலேஜ் குறையும்.

சூட்டுக்குக் காரணம் அடைத்த ரேடியேட்டராக இருக்கலாம். தளர்ந்த பெல்ட்டாக இருக்கலாம். கூலண்ட் ஊற்ற வேண்டிய இடத்தில் வெறும் போர்வெல் தண்ணீர் ஊற்றியதால் படிந்த உப்பாக இருக்கலாம். அதையெல்லாம் விட்டுவிட்டு வாயில்லாத தெர்மோஸ்டாட்டைத் தண்டிப்பது என்ன நியாயம்?

இழுவைக்காக பம்ப்பின் சீலை உடைத்து டீசலை ஏற்றுவதும் இதே ரகம்தான். நாலு நாள் வண்டி பறக்கும். பஸ் ஸ்டாப்பில் நிற்கிற ஜனங்களின் வெள்ளைச் சட்டை கருப்பாகும். அப்புறம் பிஸ்டன் தலை வேகும், ஹெட் விரிசல் விடும். 16 குதிரை வண்டியை 20 குதிரை வண்டியாக்க ஒரு திருகினால் முடியும் என்றால், கம்பெனிக்காரர்கள் அதைச் செய்திருக்க மாட்டார்களா?

யானைக்கும் பாரம் உண்டு

இங்கேதான் கடைக்காரர்கள் வருகிறார்கள்.

முதலில் வந்த குட்டி யானை சுமக்க வேண்டியது சுமார் முக்கால் டன். அதாவது 50 கிலோ சிமெண்ட் மூட்டை என்றால் 15. ஆனால் ‘‘இன்னும் பத்து மூட்டை போடுப்பா, ரெண்டு நடை எதுக்கு?’’ என்று கேட்காத கடை எத்தனை? மறுத்தால் அடுத்த வண்டிக்கு ஆள் போகும். பயந்து ஏற்றிக் கொள்கிறார் வண்டிக்காரர்.

அந்தப் பத்து மூட்டையோடு வண்டி மேம்பாலம் ஏறும்போது முனகுவது என்ஜின். தேய்வது கிளட்ச். பிடிக்காமல் போவது பிரேக். கடைக்காரருக்கு மிச்சம் ஒரு நடை வாடகை. வண்டிக்காரருக்கு நஷ்டம் ஒரு என்ஜின். இந்தக் கணக்கு எந்த ஊர் தர்மம்?

புதுப்பேட்டை என்ஜின்

1973-ல் உலகம் பூராவும் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை ஏறியது. அதற்குப் பிறகு பெட்ரோல் ஜீப்புக்கும் அம்பாசிடருக்கும் டீசல் என்ஜின் மாட்டுவது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. நம் மெக்கானிக்குகள் கைகாரர்கள். அதில் சந்தேகமே இல்லை. புதுப்பேட்டையில் விற்பதெல்லாம் திருட்டுச் சரக்கு என்று சொல்வதும் அபாண்டம். முறையாக வாங்கி, முறையாகப் பிரித்து, பில் போட்டு விற்கிறவர்கள் அங்கே தலைமுறையாக இருக்கிறார்கள்.

ஆனால் பில் இல்லாத என்ஜினை வாங்கி இரவோடு இரவாக மாட்டினால் என்ன ஆகும்?

ஆர்.சி. புத்தகத்தில் ஒரு என்ஜின் நம்பர். வண்டியில் வேறு நம்பர். எப்.சி.க்குப் போனால் மாட்டிக் கொள்ளும். 8 வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு எப்.சி. வருஷா வருஷம் எடுக்க வேண்டுமே! விபத்து நடந்தால் இன்சூரன்சில் தகராறு. அந்த என்ஜின் எங்கேயோ திருடு போன வண்டியுடையது என்றால் போலீஸ் ஸ்டேஷன் படியும் ஏற வேண்டும். விற்றவர் அதற்குள் கடையை மாற்றியிருப்பார்!

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

அதற்காக என்ஜினையே மாற்ற முடியாது என்று அர்த்தமல்ல. அதே கம்பெனி, அதே ரக என்ஜினை ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று மாற்றலாம். மாற்றிய 14 நாளுக்குள் தெரிவித்து, ஆர்.சி.யில் புது நம்பரை ஏற்றிக் கொள்ள வேண்டும். பெரிய வண்டியின் என்ஜினைச் சின்ன வண்டியில் திணிப்பதுதான் கூடாது. என்ஜின் பெரிசானால் பிரேக்கும் கூடவே பெரிசாகி விடுமா என்ன?

என்ன செய்யணும்?

வண்டிக்காரர்கள் முதலில் அவசரத்தை விட வேண்டும். வேலை ஆரம்பிக்கும் முன்பு கம்ப்ரஷன் அளவைக் கேட்டு வாங்க வேண்டும். லேத் பட்டறை எடுத்த அளவைத் துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்க வேண்டும். கழற்றிய பழைய சாமான்களைத் திருப்பிக் கேட்க வேண்டும். பழைய பிஸ்டனைக் கையில் கொடுக்கத் தயங்குகிற பட்டறை, புதுப் பிஸ்டன் போட்டதா என்பதே சந்தேகம்! வேலை முடிந்து வந்த என்ஜினை முதல் ஆயிரம் கிலோ மீட்டர் பதமாக ஓட்ட வேண்டும். புதுப் பெண்ணிடம் முதல் நாளே மாவரைக்கச் சொல்லக் கூடாது!

பட்டறைக்காரர்கள் யோசிக்க வேண்டும். ஒரு போர் கேஜும் மைக்ரோ மீட்டரும் வாங்குகிற காசு, ஏமாந்து போன பத்து வாடிக்கையாளர்களை இழப்பதைவிடக் குறைவுதான்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அந்த வழி வண்டிக்காரருக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும், இரண்டு நாள் வண்டியை நிறுத்திவிட்டு ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்க அவருக்கு வசதியில்லை. அதனால்தான் புரோக்கர் கையில் விழுகிறார். அல்லது சொல்லாமலே மாட்டிவிடுகிறார். என்ன விண்ணப்பம், என்ன கட்டணம், என்ன ரசீது வேண்டும் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் தமிழில் ஒரு போர்டு வைத்தால் பாதித் தப்பு நின்றுவிடும்.

15 வயது தாண்டிய சரக்கு வண்டிகளுக்கு எப்.சி. கட்டணம் 2022 ஏப்ரல் முதல் உயர்ந்துவிட்டது. பழைய வண்டியை உடைத்துப் போடச் சொல்கிற திட்டமும் 2021-ல் வந்துவிட்டது. புகை கக்கி ஊரைக் கெடுக்கிற வண்டி ஒழியத்தான் வேண்டும். ஆனால் புது வண்டி வாங்க எல்லோரிடமும் பணம் கொட்டிக் கிடக்கவில்லை. அளந்து, முறையாகப் பிரித்துச் சேர்த்த பழைய என்ஜின் சுத்தமாக ஓடும். ஒரு குடும்பத்துக்கு இன்னும் பல வருஷம் சோறு போடும்.

அதைக் கொல்வதா, பிழைக்க வைப்பதா என்பது ஸ்பானர் பிடித்தவர் கையில் மட்டும் இல்லை. ‘‘இன்னும் பத்து மூட்டை’’ என்று சொல்கிறவர் வாயிலும் இருக்கிறது!