கண்ணகி கோட்டம்: ஒரு நாள் தரிசனம், 364 நாள் பூட்டு!

சித்ரா பௌர்ணமி நெருங்கினால் கம்பம், கூடலூர் பக்கம் ஒரே பேச்சுதான்: "இந்த வருஷம் ஜீப்பா, நடையா?"

வண்ணாத்திப்பாறை உச்சியில் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோட்டத்துக்கு வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும்தான் பக்தர்களை அனுமதிக்கிறார்கள். 1,300 மீட்டருக்கு மேல் உயரம், சுற்றிலும் பெரியாறு புலிகள் காப்பகம். தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்து ஏற்பாடு செய்கின்றன. குமுளியிலிருந்து ஜீப் போகும். லோயர் கேம்ப் பக்கம் பளியன்குடியிலிருந்து நடந்தும் ஏறலாம். முட்டி ஒத்துழைத்தால் நடைதான் பெஸ்ட். (ஜீப் பாதையில் உங்கள் முதுகுக்கு யாரும் கேரன்டி தர மாட்டார்கள்!)

மேலே வண்ணக் கோபுரத்தைத் தேடாதீர்கள். சிதைந்த மதில், கல் சந்நிதிகள், புல்லுக்குள் விழுந்து கிடக்கும் தூண்கள்... அவ்வளவுதான். ஆனால், சுவர் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சுண்ணாம்புச் சாந்து கிடையாது. செதுக்கிய கருங்கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள்; கல்லின் எடைதான் சுவரைப் பிடித்து வைத்திருக்கிறது. இது பாண்டியர் பாணிக் கட்டுமானம். சேரன் செங்குட்டுவன் கோயில் எழுப்பியதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அந்தக் கோட்டம் இதுதான் என்று 1963-ல் அடையாளம் காட்டியவர் பேராசிரியர் சி.கோவிந்தராசனார். இன்று நாம் பார்க்கும் கற்கள் செங்குட்டுவன் அடுக்கியவை என்று நினைத்துவிட வேண்டாம். அதனால் என்ன, பெருமை குறைந்தா போய்விடும்?

சாந்து இல்லாத சுவருக்கு மழையைவிட வேர்தான் எதிரி. இடுக்கில் விழுந்த ஒரு விதை முளைத்தால் போதும், வேர் பருத்துக் கல்லை நகர்த்திவிடும். ஒரு கல் நகர்ந்தால் அதன் மேலிருக்கும் உத்தரமும் ஆட்டம் காணும். ஊர்க் கோயில் என்றால் அன்றாடம் யாராவது பார்த்துச் செடியைப் பிடுங்கிப் போடுவார்கள். இங்கே பூசாரியே வருஷத்துக்கு ஒரு நாள்தான். கோயில் எந்த மாநிலத்துக்குச் சொந்தம் என்ற தகராறு வேறு பல வருஷமாக ஓடுகிறது. எல்லைக்கோடு எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். முதலில் செடியைப் பிடுங்குங்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

விழாவன்று பொங்கல், பால்குடம், முளைப்பாரி என மலையே நிறைந்துவிடும். பெண்களுக்கு வளையலும் மஞ்சள் கயிறும் பிரசாதம். கூட்டத்தில் செல்ஃபிக்காக மதில் மேல் ஏறுகிறவர்களையும் பார்க்கலாம். பிடிமானமே இல்லாத சுவர், ஞாபகம் இருக்கட்டும்!

பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மலையில் அனுமதி கிடையாது. எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் ஏற விட மாட்டார்கள். அதனால், விடிவதற்கு முன்பே வரிசைக்குப் போய்விடுங்கள்.