கோடை அரிப்பு

சித்திரை பிறந்துவிட்டால் நமது வீடுகளில் மாவடுவும் வேர்க்குருவும் ஏறக்குறைய ஒரே நாளில் வந்து சேருகின்றன. அக்கினி நட்சத்திரம் கழிவதற்குள், தாத்தா விசிறிக் காம்பால் முதுகைச் சொறிவதும், கைக்குழந்தை கழுத்தைத் தேய்த்துக்கொண்டு அழுவதும், பள்ளிப் பிள்ளை சட்டைக் காலருக்குள் விரலை விட்டுக்கொண்டு நிற்பதும் சகஜமான காட்சிகளாகி விடுகின்றன. அரிப்பினால் உயிர் போவதில்லை. ஆகையால் அதை யாரும் பொருட்படுத்துவதுமில்லை. கடையில் ஏதேனும் ஒரு களிம்பை வாங்கித் தடவிக் காரியத்தை முடித்துவிடப் பார்க்கிறோம். அப்படித் தடவுவதிலேதான் அபாயம் இருக்கிறது. அதை எடுத்துச் சொல்வதே இந்த வாரக் கட்டுரையின் நோக்கம்.

பெயரிலேயே காரணம்

'வேர்க்குரு' என்று பெயர் வைத்த நம் முன்னோர் நோயின் காரணத்தைப் பெயருக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். வேர்ப்பதனால் உண்டாகும் குரு, அதாவது கொப்புளம். மனித சருமத்தில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உண்டு. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியாகிப் போனால், சுமார் 580 கிலோ கலோரி உஷ்ணத்தை நம் உடலிலிருந்து கொண்டு போய்விடுகிறது. எட்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைப்பதற்கு ஏறக்குறைய அவ்வளவு உஷ்ணந்தான் வேண்டும்.

ஆனால் வியர்வை ஆவியானால் அல்லவா இந்தப் பயன்? கடற்கரைப் பட்டணங்களில் காற்று முன்பே ஈரத்தைச் சுமந்து நிற்கிறது. வியர்வை உலர வழியின்றி மேனியிலேயே தங்குகிறது. ஈரத்தில் ஊறிய மேல்தோல் உப்பிப் போகிறது; சருமத்தில் இயல்பாக வசிக்கும் நுண்கிருமிகள் ஒரு பசையை உண்டாக்குகின்றன. இரண்டும் சேர்ந்து வியர்வைத் துவாரங்களை அடைத்துவிடுகின்றன. வெளியேற முடியாத வியர்வை தோலுக்குள்ளேயே கசிந்து, ஊசி குத்துவதுபோன்ற எரிச்சலையும் அரிப்பையும் உண்டாக்குகிறது.

காரணம் இதுவானால், பரிகாரமும் எளிதில் விளங்கும். வேர்க்காமல் இருக்கச் செய்வதே மருந்து. நல்ல காற்று, தளர்ந்த பருத்தி ஆடை, நாளைக்கு இரண்டு முறை குளிர்ந்த நீரில் குளியல் ஆகியவை போதும். சில நாட்களில் வேர்க்குரு தானே அடங்கும். ஒவ்வொரு குளியலுக்கும் சோப்பு வேண்டியதில்லை. துண்டினால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுக்கவேண்டும். காலமைன் நீர்மருந்து அரிப்பைத் தணிக்கும். நுங்கின் நீரைத் தடவுவது நம் கிராமத்து வழக்கம். அதன் குளிர்ச்சி சற்றே இதமளிக்கும், கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் பவுடரை மாவுபோல அப்புவது நல்லதன்று. அது வியர்வையோடு குழைந்து பசையாகிவிடும். குழந்தைகளுக்கு அருகில் பவுடரைத் தூவினால் அது மூச்சோடு உள்ளே போகும். வேர்க்குரு கண்ட குழந்தைக்குக் கனமான எண்ணெயையும் களிம்பையும் தடவுவது, அடைத்த வாசலுக்குப் பூட்டும் போடுவது போலத்தான். கொப்புளங்களில் சீழ் பிடித்தாலும், ஜுரம் கண்டாலும் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

அரிப்பெல்லாம் ஒன்றல்ல

கோடையில் அரிப்பதெல்லாம் வேர்க்குரு என்று எண்ணிவிடலாகாது. வேர்க்குரு கடுகுபோலச் சிறுத்து, கழுத்திலும் முதுகிலும் மார்பிலும் பரவலாகத் தோன்றும். படர்தாமரை அப்படியன்று. தொடை இடுக்கு, இடுப்பு, அக்குள் முதலிய இடங்களில் வட்டமாகத் தோன்றி, ஓரம் தடித்து, செதில் உதிர்ந்து, நாளுக்கு நாள் அகலும். இது பூஞ்சைக் காளானால் வருவது. துண்டு, ஆடை, படுக்கை வழியாக ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றும். இரவில் மட்டும் அரிப்பு உக்கிரமாகி, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் பொரிகள் கண்டு, வீட்டில் பலரும் சேர்ந்து சொறிந்தால் அது சிரங்கு. அதற்கு வீட்டார் அனைவரும் ஒரே சமயத்தில் சிகிச்சை செய்துகொள்ள வேண்டும். தோலில் ஒன்றும் காணாமலே உடம்பெல்லாம் வாரக்கணக்கில் அரித்தால் சர்க்கரை, சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றைச் சோதித்துக்கொள்வது விவேகம்.

வேஷம் மாறிய நோய்

என் வகுப்பில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் பெஞ்சியில் நிலைகொள்ளாமல் நெளிந்துகொண்டே இருப்பான். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். பிறகு அவன் பக்கத்தில் உட்காரவும் மறுத்தார்கள். தாயாரை வரவழைத்து விசாரித்தேன். "நாலு மாசமா இதைத்தான் தடவறோம், சார். தடவினா ரெண்டு நாள்ல போயிடுது, விட்டா திரும்பி வந்துடுது" என்று பையிலிருந்து ஒரு களிம்புக் குழாயை எடுத்துக் காட்டினார். அந்த ஒரு குழாயை வீட்டில் மூன்று பேர் உபயோகித்து வந்தார்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியின் சரும நோய்ப் பிரிவில் விஷயம் விளங்கிற்று. அந்தக் களிம்பில் காளானைக் கொல்லும் மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருந்தது. ஸ்டீராய்ட் அரிப்பையும் சிவப்பையும் இரண்டே நாளில் மறைக்கும். ஆனால் காளானை எதிர்க்கும் உடலின் சக்தியையும் அவ்விடத்தில் அடக்கிவிடும். மேலே நோய் மறைந்ததுபோல் தோன்ற, கீழே காளான் நிம்மதியாகப் பரவும். வட்டம் கலைந்து, படர்தாமரை என்று அடையாளமே தெரியாதபடி அது வேஷம் மாறிவிடும். நாளடைவில் தோல் மெலிந்து, வரி வரியாகத் தழும்பு விழும். அந்தத் தழும்பு முற்றிலும் மறையாது. களிம்பை நிறுத்தியவுடன் பையனுக்கு அரிப்பு முன்னிலும் அதிகமாயிற்று. அதைப் பொறுத்துக்கொண்டு, மூவரும் ஆறு வார காலம் மருந்து சாப்பிட்ட பின்னரே குணம் கண்டது.

இது ஒரு வீட்டுக் கதையன்று. 2018-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம், மேலே பூசும் 14 வகை ஸ்டீராய்ட் மருந்துகளை மருத்துவரின் சீட்டில்லாமல் விற்கலாகாது என்று விதித்தது. விதி இருந்தும், கேட்டவர்க்குக் கொடுக்கும் கடைகள் இல்லாமலில்லை. வழக்கமான டெர்பினாஃபின் மருந்துக்குப் பல சமயங்களில் கட்டுப்படாத ஒரு காளானுக்கு 2020-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் 'டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினே' என்று பெயரிட்டார்கள். அது இவ்வளவு பரவியதற்கு இத்தகைய களிம்புகளின் துர்உபயோகமும் ஒரு முக்கிய காரணம் என்பது சரும நோய் நிபுணர்களின் கருத்து. நம் தேசத்தின் பெயர் இப்படி ஒரு காளானுக்குச் சூட்டப்பட்டிருப்பது நாம் பெருமைப்படத் தக்க விஷயமல்ல.

செய்யவேண்டியவை

இன்றே வீட்டு அலமாரியைத் திறந்து களிம்புக் குழாய்களின் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெதசோன், மொமெட்டசோன் முதலிய பெயர்கள் இருந்தால் அவை ஸ்டீராய்டுகள். தக்க நோய்க்கு வைத்தியர் கொடுத்தால் அவை நல்ல மருந்துகளே. அண்டை வீட்டார் சொல்லி வாங்கிப் பூசத் தக்கவை அல்ல. ஏற்கெனவே பூசி வந்தால் குழாயையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள். படர்தாமரைக்கு அவர் குறித்த காலம் முழுவதும் மருந்தை உபயோகியுங்கள். அரிப்பு நின்றது நோய் நின்றதாகாது. ஆளுக்கொரு துண்டு இருக்கட்டும். உள்ளாடைகளை நன்கு துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். பிள்ளைகளின் நகத்தை ஒட்ட நறுக்குங்கள்.

பள்ளிக்கூட நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. காற்றுப் புகாத செயற்கை நூல் சீருடையும், கழுத்தை இறுக்கும் டையும் குளிர் தேசத்துப் பிள்ளைகளுக்குப் பொருந்தலாம். நம் நாட்டுக் கோடைக்கு நம் கைத்தறிப் பருத்தியே ஏற்றது. பெற்றோர்கள் அடுத்த கூட்டத்தில் இதைக் கேட்கவேண்டும், கூச்சப்படாமல் கேட்கவேண்டும். அரிப்பைப்பற்றிப் பேச நாம் கூச்சப்படுவதனால்தான், கடைக்காரர் நமக்கு வைத்தியராகிவிடுகிறார்.