மவுன்டன் பைக் பந்தயம்: அமெச்சூர்களுக்கு எவ்வளவு கஷ்டம் போதும்?

2021 ஜூலை 26. டோக்கியோ ஒலிம்பிக்கின் ஆண்கள் மவுன்டன் பைக் போட்டி இசு மலைப்பகுதியில் நடக்கிறது. பதக்கம் நிச்சயம் என்று பலரும் எதிர்பார்த்தவர்களில் ஒருவர், நெதர்லாந்தின் மத்யூ வான் டர் போல். முதல் சுற்றிலேயே ஒரு பாறை விளிம்பில் இருந்து இறங்கும்போது முன்சக்கரம் செங்குத்தாகக் கீழே போய், ஹேண்டில்பாரைத் தாண்டி விழுந்தார். எழுந்து கொஞ்ச தூரம் ஓட்டினாலும் போட்டியை முடிக்க முடியவில்லை.

அந்த இடத்தில் முன்பு பயிற்சிக்காக ஒரு சாய்வுப் பலகை போட்டிருந்தார்கள். போட்டியன்று அது இல்லை. பலகை இருக்கும் என்று நினைத்துத்தான் வந்ததாக அவரே பிறகு சொன்னார். மற்ற வீரர்கள் அதே பாறையைத் தாண்டிப் போனார்கள். பிரிட்டனின் டாம் பிட்காக் தங்கம் வென்றார்.

வான் டர் போலுக்கு அந்தப் பாறையில் குதித்து இறங்கத் தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும். அங்கே என்ன இருக்கிறது என்ற தகவல்தான் தப்பாகிப் போனது. உலகத்தரமான வீரருக்கே இந்த நிலைமை என்றால், வாரம் முழுக்க ஆபீஸில் உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் சைக்கிளை எடுக்கிறவருக்கு?

அமெச்சூர் மவுன்டன் பைக் பந்தயங்கள் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்ற சண்டை, இந்த விளையாட்டு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இருக்கிறது. சண்டை பெரும்பாலும் தப்பான கேள்வியைச் சுற்றியே நடக்கிறது என்பதுதான் பிரச்சினை.

‘டெக்னிக்கல்’ என்றால் என்ன?

தார் ரோட்டில் நடக்கும் சைக்கிள் பந்தயத்தில் கால் பலமும் மூச்சும்தான் முக்கியம். மவுன்டன் பைக்கில் மூன்றாவதாக ஒன்று சேர்கிறது. வண்டியைக் கையாளும் வித்தை. குறுக்கே மரவேர்கள் ஓடும் ஒற்றையடிப் பாதை, கல் கல்லாகக் கிடக்கும் ‘ராக் கார்டன்’, படி மாதிரி சட்டென்று கீழே போகும் ‘டிராப்’, மலை இறக்கத்தில் ஊசி வளைவு. இதையெல்லாம் சேர்த்துத்தான் ‘டெக்னிக்கல்’ பாதை என்கிறார்கள்.

இது எவ்வளவு வேண்டும் என்பதில் இரண்டு துருவங்கள் இருக்கின்றன.

ஒரு பக்கம், அமெரிக்காவின் கொலராடோவில் 1994 முதல் நடக்கும் லெட்வில் 100. தூரம் சுமார் 160 கி.மீ. பந்தயம் தொடங்கும் ஊரே கடல்மட்டத்தில் இருந்து 3,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. 12 மணி நேரத்துக்குள் முடித்தால்தான் புகழ்பெற்ற அந்த பெல்ட் பக்கிள் கையில் கிடைக்கும். உடம்பைப் பிழிந்துவிடும். ஆனால் பாதையில் பெரும்பகுதி அகலமான மண் சாலைகள். நார்வேயில் ரேனாவில் இருந்து லில்லேஹாமர் வரை நடக்கும் பிர்கெபெய்னர் பந்தயமும் ஏறக்குறைய இதே ரகம்தான். முதுகில் 3.5 கிலோ பையைச் சுமந்துகொண்டு ஓட்டுவது அதன் பாரம்பரியம். ஆனால் ஓட்டுவது பெரும்பாலும் சரளை ரோட்டிலும் காட்டுச் சாலையிலும்தான். “இதுக்கு எதுக்குப்பா மவுன்டன் பைக்?” என்று அனுபவசாலிகள் கிண்டல் செய்வது இந்த மாதிரிப் பந்தயங்களைத்தான்.

இன்னொரு பக்கம், பிரான்ஸின் ஆல்ப் டுவெஸ் மலையில் நடக்கும் மெகாவலான்ச். 3,300 மீட்டர் உயரத்தில் பனிப்படலத்தின் மீது நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் கிளம்பி, பாறையும் மண்ணும் தாண்டிப் பள்ளத்தாக்கு வரை இறங்குகிறார்கள். கலந்துகொள்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் அமெச்சூர்கள்தான்.

இந்த இரண்டில் எது சரி என்று கேட்டால், விவாதம் அங்கேயே முட்டிக்கொண்டு நின்றுவிடும்.

கஷ்டம் வேறு, ஆபத்து வேறு

இந்தச் சண்டையில் எல்லோரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் இரண்டு விஷயங்கள் இவை.

ஒரு மலை ஏற்றத்தை எடுத்துக்கொள்வோம். பாதை முழுக்க முழங்கால் உயரப் பாறைகள். நல்ல ஓட்டுநர்கூடப் பத்துக்கு மூன்று முறைதான் கால் ஊன்றாமல் மேலே ஏறுவார். மிகக் கடினம். தவறினால் என்ன ஆகும்? வேகம் மணிக்கு ஐந்தாறு கி.மீ.தான். காலைத் தரையில் ஊன்றி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம். நஷ்டம் முப்பது விநாடி.

இப்போது ஓர் அகலமான சரளை இறக்கம். வளைவு அதிகம் இல்லை. சைக்கிள் ஓட்டத் தெரிந்த யாரும் இறங்கிவிடலாம். டெக்னிக்கல் மதிப்பெண் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். ஆனால் பிரேக்கை விட்டால் மணிக்கு 60 கி.மீ. தொட்டுவிடும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரமும் ஏறக்குறைய அப்படியே கூடும். சரளையில் டயர் பிடிப்பும் கம்மி. இங்கே தவறினால் காலர் எலும்போடு தப்பித்தாலே அதிர்ஷ்டம்.

லெட்வில்லில் இன்னொரு சங்கதியும் உண்டு. போன வழியிலேயே திரும்பி வர வேண்டிய பாதை அது. கொலம்பைன் என்ற உச்சியில் இருந்து வேகமாக இறங்குகிறவர்களும், மூச்சு வாங்க ஏறுகிறவர்களும் ஒரே பாதையில் எதிரெதிரே வருவார்கள். ‘ஈஸி’ என்று பெயர் வாங்கிய பாதையில்தான் இதுவும் நடக்கிறது.

ஆகவே, பாதையை வழவழப்பாக்கினால் அமெச்சூர்கள் பத்திரமாக இருப்பார்கள் என்பது பாதி உண்மைதான். கல்லை எடுத்துவிட்டால் வேகம் கூடும். பல இடங்களில் அந்தக் கல்தான் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போலீஸ்.

அதே பாறை, வேறு ஆள்

அப்படியானால் தொழில்முறை வீரர்களின் பாதையையே எல்லோருக்கும் கொடுத்துவிடலாமா? கூடாது. திறமை வித்தியாசம் ஒரு காரணம்தான். இன்னும் மூன்று இருக்கின்றன.

முதலாவது, களைப்பு. ஒலிம்பிக் பாணிப் பந்தயம் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அமெச்சூர்கள் விரும்பிப் போகும் மாரத்தான் வகைப் பந்தயங்களில் கடைசி ஆள் பல மணி நேரம் சீட்டிலேயே இருப்பார். முதல் மணி நேரத்தில் சுலபமாகத் தாண்டும் டிராப், ஆறாவது மணி நேரத்தில் கை நடுங்கும்போது வேறு ஒரு டிராப்.

இரண்டாவது, பரிச்சயம். ஒலிம்பிக், உலகக் கோப்பைப் போட்டிகளில் சில கிலோமீட்டர் சுற்றையே திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். முன்கூட்டியே பயிற்சி எடுப்பார்கள். சிக்கலான இடத்தில் நின்று கல் கல்லாகப் பார்த்து வைப்பார்கள். அமெச்சூரோ 80 கி.மீ. பாதையைப் பந்தய நாளில்தான் முதன்முறையாகப் பார்க்கிறார். வான் டர் போலுக்கு ஒரே ஒரு இடத்தில் நேர்ந்தது, இவருக்கு வழி நெடுக நேரலாம்.

மூன்றாவது, கூட்டம். நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே பாதையில் போகும்போது ஒற்றையடிப் பாதையின் வாசலில் கியூ நிற்கும். தயங்கி நிற்பவரின் பின்னால் இருந்து “போங்க சார், போங்க” என்று குரல் வரும். தனியாக வந்திருந்தால் இறங்கி நடந்திருப்பார். கூட்டத்தின் அழுத்தத்தில் பிரேக்கை விடுகிறார்.

அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது

சர்வதேச மவுன்டன் பைக் சங்கமான இம்பா, பாதைகளைத் தரம் பிரிக்கப் பனிச்சறுக்கு மையங்களின் குறியீட்டைத் தழுவி ஒரு முறையை வைத்திருக்கிறது. வெள்ளை வட்டம் மிகச் சுலபம். அடுத்து பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம் என்று போகும். பாதையின் அகலம், தரையின் தன்மை, சரிவு, தடைகள் எல்லாம் கணக்கில் வரும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு வார்த்தை இருக்கிறது: ‘தவிர்க்க முடியாத’ தடைகள். பச்சைப் பாதையில் தவிர்க்க முடியாத தடையின் உயரம் 2 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். நீலத்தில் 8 அங்குலம். கறுப்பில் 15 அங்குலம். பாதையோரத்தில் பெரிய பாறை கிடக்கலாம், தப்பில்லை. சுற்றிப் போக வழி இல்லாமல் நடுவில் நிற்பது எவ்வளவு உயரம் என்பதுதான் கேள்வி.

அமெச்சூர் பந்தயத்துக்கான விடையும் இந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. எவ்வளவு கடினமான இடம் வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் எல்லோரும் கட்டாயம் தாண்டியே ஆக வேண்டிய இடங்கள் நீலத் தரத்தை மிஞ்சக் கூடாது. அதற்கு மேல் உள்ள ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்திலேயே ‘பி லைன்’ எனப்படும் மாற்றுப் பாதை வேண்டும். சுலபமாக இருக்கும், ஆனால் கொஞ்சம் சுற்று. பத்து இருபது விநாடி போகும். ஒலிம்பிக் பாதைகளிலேயே இந்த வசதி உண்டு. உலகின் தலைசிறந்த வீரர்களுக்குக் கொடுக்கும் சலுகையை அக்கவுன்டன்டுக்கும் ஐடி ஊழியருக்கும் ஏன் மறுக்க வேண்டும்?

வேறென்ன செய்யலாம்?

கஷ்டத்தை ஏற்றத்தில் வையுங்கள். கற்களும் வேர்களும் நிறைந்த ஏற்றம் வித்தை தெரிந்தவருக்கு லாபம் தரும், தெரியாதவருக்கு எலும்பை உடைக்காது.

கிளம்பியதும் முதலில் அகலமான, நீண்ட ஏற்றம் வரட்டும். வேகமானவர்கள் முன்னேயும் நிதானமானவர்கள் பின்னேயும் தானாகப் பிரிந்துவிடுவார்கள். ஒற்றையடிப் பாதை அதற்குப் பிறகு வந்தால் கியூவும் குறையும், பின்னால் இருந்து வரும் கத்தலும் குறையும்.

கட்-ஆஃப் நேரத்தை மலையுச்சியில் வையுங்கள். இறக்கத்தின் முடிவில் வைத்தால், தாமதமானவர் அந்த இறக்கத்தில்தான் நேரத்தைப் பிடிக்கப் பார்ப்பார். களைத்துப்போன ஒருவரை வேகமாக இறங்கத் தூண்டுவதைவிட மோசமான விதி இருக்க முடியாது.

எல்லாவற்றுக்கும் மேல், முன்கூட்டியே சொல்லுங்கள். எத்தனையாவது கிலோமீட்டரில் என்ன வருகிறது, அதன் தரம் என்ன, பி லைன் எந்தப் பக்கம் என்று பட்டியலும் வீடியோவும் பதிவு செய்யும்போதே கிடைக்க வேண்டும். பந்தயத்துக்கு முதல் வாரம் பாதையில் ஏதாவது மாறினால் அதையும் அறிவிக்க வேண்டும்.

“ரேஸ்னா ரேஸ்தானே?”

எதிர்வாதங்களில் நியாயம் இல்லாமல் இல்லை.

“கஷ்டம் தெரிந்துதானே வருகிறார்கள், அது அவரவர் பொறுப்பு” என்பது முதல் வாதம். சரிதான். ஆனால் பொறுப்பு ஏற்க வேண்டுமானால் எதற்குப் பொறுப்பு என்று தெரிந்திருக்க வேண்டும். ‘எது நடந்தாலும் நானே பொறுப்பு’ என்ற படிவத்தில் கையெழுத்து வாங்குவது எளிது. எதில் போய் இறங்கப் போகிறார் என்று காட்டிவிட்டு வாங்குவதுதான் நேர்மை. மெகாவலான்ச்சை இந்த விஷயத்தில் பாராட்டலாம். அங்கே முன்னதாகவே தகுதிச் சுற்று உண்டு. அதில் எடுத்த இடத்தை வைத்துத்தான் யார் எந்தப் பிரிவில் கிளம்புவது என்று முடிவாகிறது. பனி மேல் நிற்பவர் ஏமாந்து அங்கே வந்தவர் இல்லை.

இரண்டாவது வாதம், “பி லைன் வைத்தால் யாருமே கஷ்டமான வழியில் போக மாட்டார்கள், விளையாட்டு நீர்த்துப்போகும்.” நேர இழப்பு சரியாக இருந்தால் அப்படி ஆகாது. வேகமாகப் போக விரும்புகிறவருக்குப் பாறை வழியே லாபம். இந்த வருஷம் பி லைனில் போனவர், பக்கத்தில் மற்றவர்கள் இறங்குவதைக் கண்ணால் பார்க்கிறார். அடுத்த வருஷம் பயிற்சி எடுத்து வருவார். கட்டாயப்படுத்தி விழ வைத்தால் அவர் வண்டியை விற்றுவிட்டுப் போய்விடுவார்.

மூன்றாவது, செலவு. சின்ன அமைப்பாளர்களிடம் பெரிய பட்ஜெட் இல்லை. ஆனால் பெரும்பாலான இடங்களில் பி லைனுக்குத் தேவை மண்வெட்டி வேலையும் கொஞ்சம் டேப்பும்தான். அதுவும் முடியாத இடத்தில், மற்றவர்களுக்கு வழி விட்டு இறங்கி நடக்க ஓரமாக இடம் இருந்தாலே போதும். அதற்கும் இடம் இல்லாத பாதை, அமெச்சூர் பந்தயத்துக்கு ஏற்ற பாதை இல்லை.

திங்கட்கிழமை ஒன்று இருக்கிறது

அமெச்சூருக்கு விழுந்தால் தாங்கிப் பிடிக்க அணி டாக்டரோ ஒப்பந்தச் சம்பளமோ கிடையாது. கை உடைந்தால் ஆறு வாரம் டைப் அடிக்க முடியாது, பிள்ளையைத் தூக்க முடியாது, பைக் ஓட்டி வேலைக்குப் போக முடியாது. அதற்காக அவர் சரளை ரோட்டிலேயே சுற்ற வேண்டும் என்பதில்லை. அவர் மலைக்கு வந்ததே ரோட்டில் கிடைக்காத ஒன்றைத் தேடித்தான். பாறையும் வேரும் பயமும் அவருக்கும் வேண்டும். எந்தப் பாறையில் தன் எலும்பைப் பணயம் வைப்பது என்று முடிவு செய்யும் உரிமைதான் அவரிடம் இருக்க வேண்டும்.

அடுத்த முறை ஏதாவது பந்தயத்துக்குப் பதிவு செய்யும் முன் அமைப்பாளர்களிடம் மூன்றே கேள்விகள் கேட்டுப் பாருங்கள். தவிர்க்க முடியாத இடங்களில் மிகக் கடினமானது எது? அதன் வீடியோ இருக்கிறதா? இறங்கி நடக்க ஓரமாக இடம் உண்டா? பதில் வராவிட்டால், பணம் கட்டும் முன் ஒரு தடவை யோசியுங்கள்.