ஸ்ப்ரிங்குக்கு நடுவுல ஒரு ரப்பர் துண்டு

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி மக்களே. ஆனாலும் இதைக் கொட்டலைன்னா எனக்குத் தூக்கம் வராது.

போன மாசம் என் கார்ல முன்பக்கம் 'கட கட'ன்னு சத்தம். ஆக்சஸரீஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்துட்டு, "ஸ்ப்ரிங் வீக்கு சார். பஃபர் போட்ருங்க. வண்டி தூக்கி நிக்கும், ஸ்பீட் பிரேக்கர்ல இடிக்காது, சத்தம் போயிடும், சொகுசும் கூடும்"னார். காயில் ஸ்ப்ரிங்கோட ரெண்டு சுத்துக்கு நடுவுல சொருகுற ரப்பர் வளையம்தான் பஃபர். நாலுக்கும் சேர்த்து நாலாயிரம் ரூபாய். இன்ஜினியரிங் படிச்ச நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

அந்த ஞாயித்துக்கிழமை அம்மாவைப் பின்சீட்டுல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனேன். அவங்களுக்கு முதுகுல டிஸ்க் பிரச்சினை. பாதி வழியில சொன்னாங்க: "ஏன்டா, இதுக்கு மாட்டு வண்டியே தேவலையே!"

அப்புறம்தான் புத்தி வந்துச்சு. ஸ்ப்ரிங்கில் வேலை செய்யும் சுத்துகள் குறைந்தால் விறைப்பு கூடும். அஞ்சு சுத்தில் ஒன்றை ரப்பர் முடக்கிட்டா விறைப்பு 25 சதவீதம் ஏறும். ஆனா ஷாக் அப்சார்பர் பழைய விறைப்புக்குக் கணக்குப் போட்டுச் செஞ்சது. சின்னப் பள்ளம் நேரா முதுகுக்கு வருது. பெரிய மேட்டுல ஸ்ப்ரிங் திருப்பி உதைக்குறதை ஷாக்கால அடக்க முடியலை. இதுக்குப் பேரு சொகுசா?

லோடு ஏத்தினா வண்டி உக்காராதுங்கறது உண்மைதான். விறைச்சுப் போனது எப்படி உக்காரும்? ஸ்ப்ரிங் நிஜமாவே தொய்ஞ்சிருந்தா அதையே மாத்தணும், முட்டுக் கொடுக்கக் கூடாது.

ஸ்பீட் பிரேக்கருக்கு வருவோம். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸோட 1988 வழிகாட்டியில் உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர். எங்க தெருவுல இருக்கறது ஒரு அடி அகலத்துல குட்டிச் சுவரு. ரோடு போட்டவன் தப்புக்கு அம்மா முதுகு அபராதம் கட்டணுமா?

சரி, சத்தம் போச்சா? இல்லை! வேற மெக்கானிக் வண்டியைத் தூக்கி, கையால ஆட்டிப் பார்த்தார். லிங்க் ராடு ஜாயிண்ட் தேய்ஞ்சு போயிருக்கு. மாத்தினதும் அன்னிக்கே கப்சிப். பஃபரையும் கழட்டி எறிஞ்சாச்சு.

சத்தம்ங்கறது வண்டி சொல்ற புகார். லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட், ஷாக்ல ஆயில் கசிவு இதெல்லாம் பார்க்காம ரப்பரை நீட்டுறவன் மெக்கானிக்கே இல்லை, வியாபாரி.

டிஸ்கி: "என் வண்டியில போட்டேன், சூப்பரா இருக்கு"ன்னு சொல்ல வர்றவங்க, பின்சீட்டுல உக்காந்து ஒரு ரவுண்டு போயிட்டு வந்து சொல்லுங்க.